ஆண் கொசுவைப் பிரித்தெடுக்க உதவும் மரபணுப் பிணைப்பு

டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவின் உடல் செல்லில் மூன்று இணைக் குரோமோசோம்களே உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் அவற்றுக்குள் அடங்கியாக வேண்டும். ஒரே குரோமோசோமில் அருகருகே அமைந்தவை பெரும்பாலும் சேர்ந்தே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன, இதுவே பிணைப்பு. பாலணுக்கள் உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. இந்தக் குறுக்கேற்றத்தால் பழைய கூட்டு கலைந்து புதியது அமைவது மறுகூட்டிணைவு. இரு மரபணுக்களுக்கு இடையே தொலைவு கூடினால் அவை பிரியும் வாய்ப்பும் கூடும். நூறு பாலணுக்களில் ஒன்றில் பிரிவு நேர்ந்தால், அத்தொலைவு ஒரு சென்டிமார்கன்.

மலேரியா பரப்பும் அனோபிலஸ் கொசுக்களில் எக்ஸ், ஒய் எனத் தனிப் பால் குரோமோசோம்கள் உள்ளன. ஏடிஸில் அப்படி இல்லை. முதல் குரோமோசோமின் ஒரு சிறு பகுதிதான் ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்கிறது. அதைச் சுற்றிக் குறுக்கேற்றம் அரிது. ஆண் தன்மையைத் தொடங்கிவைக்கும் நிக்ஸ் மரபணு அங்கே இருப்பது 2015இல் தெரியவந்தது. 2020இல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. நிக்ஸை மட்டும் பெற்ற பெண் கொசுக்கள் இனப்பெருக்கத் திறனுள்ள ஆண்களாயின. ஆனால் பறக்க முடியவில்லை. பறப்பதற்குத் தேவையான மையோ-செக்ஸ் மரபணுவும் அதே பகுதியில் இருக்கிறது. இவ்விரண்டும் பிரியாமல் சேர்ந்து வந்தால்தான் முழுமையான ஆண் கிடைக்கும்.

கொசு ஒழிப்புக்கு மலட்டு ஆண்களை வெளியில் விடும் முறையில் இந்தப் பிணைப்பு பெரிதும் பயன்படுகிறது. கடிப்பது பெண் கொசு மட்டுமே என்பதால், விடுவதற்கு முன் பெண்களை நீக்கியாக வேண்டும். 1970களில் எல் சால்வடோரில் விடுவதற்காக அனோபிலஸ் அல்பிமானஸ் கொசுவின் ‘மாச்சோ’ வகை இதற்கென உருவாக்கப்பட்டது. புரோபாக்சர் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் மரபணுவை ஒய் குரோமோசோமுடன் பிணைத்தார்கள். மருந்தில் பெண்கள் மடிய, ஆண்கள் தப்பின.

இம்முறைக்கு எதிரி குறுக்கேற்றமே. தாங்குதிறன் மரபணு எப்போதாவது பெண்ணுக்குத் தாவிவிட்டால், அந்தப் பெண்ணும் மருந்துக்குத் தப்பிப் பெருகும். சில தலைமுறைகளில் வகையே கெட்டுவிடும். அதைத் தடுக்க, குரோமோசோம் துண்டு ஒன்று தலைகீழாகத் திரும்பிய நிலையையும் மாச்சோ வகையில் சேர்த்தார்கள். இணையில் ஒரு குரோமோசோம் மட்டும் அவ்வாறு திரும்பியிருந்தால், அத்துண்டுக்குள் குறுக்கேற்றம் நடந்து உருவாகும் பாலணுக்கள் பெரும்பாலும் உயிருள்ள சந்ததியைத் தருவதில்லை. எனவே பழைய கூட்டே நிலைக்கிறது. ஏடிஸிலும் இப்போது இதே உத்தி கையாளப்படுகிறது: பெண்ணுக்குச் சிவப்புக் கண், ஆணுக்குக் கறுப்புக் கண் என்று பிரிக்கும் வகையில் அத்தகைய திருப்பத்தைச் சேர்த்துள்ளனர். பிணைப்பு முற்றிலும் உடையாதது அல்ல என்பதால், நிறம் மாறிப் பிறப்பவற்றைத் தலைமுறைதோறும் களைந்தெடுத்துத் தாய்க் கூட்டத்தைத் தூய்மையாக வைக்கிறார்கள்.