விட்ட பின்னும் விடாத வேட்கை

கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். 1937-ஆம் ஆண்டில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்தார் இராஜாஜி. 1971-இல் தமிழகத்தில் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டது. 1974-இல் மீண்டும் வந்தது. பின்னர் மறுபடியும் போயிற்று. சட்டம் கடையை மூடலாம், திறக்கலாம். ஆனால் குடிப்பவரின் மூளையில் பதிந்த பழக்கத்தை எந்தச் சட்டமும் ஒரே நாளில் அழித்துவிடாது. பல்லாண்டுகள் மதுவைத் தொடாதவர் திடீரென ஒருநாள் மீண்டும் குடிக்கிறாரே, அது ஏன்? மன உறுதி இல்லாதவர் என்று நாம் எளிதில் சொல்லிவிடுகிறோம். அறிவியல் கூறும் விடை வேறு.

நம் நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளுக்கு விளக்கொளியைக் காட்டியபின் பழச்சாறு கொடுத்து இவ்வணுக்களை ஆராய்ந்தார். முதலில் சாறு கிடைத்தபோது துடித்த அணுக்கள், பழகியபின் ஒளியைக் கண்டபோதே துடித்தன! போதைப் பொருள்கள் இந்த டோபமினை இயற்கைக்கு மீறிப் பெருக்குகின்றன. அதனால் பழைய நண்பன், கடைத்தெரு, கூலி கிடைக்கும் மாலைப்பொழுது ஆகிய எல்லாமே அந்த விளக்கொளியாக மாறிவிடுகின்றன.

நாளானால் ஆசை அடங்கிவிடும் என்பதும் முழு உண்மையன்று. கோக்கெயினுக்குப் பழக்கப்பட்ட எலிகளை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஆய்வில், மருந்தை நிறுத்திய பின் முதல் சில வாரங்களில் அதைத் தேடும் வேகம் குறையவில்லை, வளர்ந்தே வந்தது. வேட்கை உள்ளே அடைகாக்கப்படுகிறது என்றனர் ஆய்வாளர்கள். பழைய நினைவு அழிவதில்லை. அதன்மேல் புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது, அவ்வளவே. பழைய சூழல், மனவேதனை, 'ஒரே ஒரு மிடறு' ஆகிய மூன்றில் ஒன்று போதும், அடியில் உள்ள எழுத்து மேலே தெரிய.

சூழலின் வலிமைக்கு வியட்நாம் போர் ஒரு சான்று. அங்கே ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்னும் பெண் அறிஞர் ஆராய்ந்தார். நாடு திரும்பிய முதல் ஆண்டில் அவர்களுள் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே மீண்டும் அடிமையாயினர். போதையைப் பழகிய இடம் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நம் பரங்கிப்பேட்டைப் பகுதியிலிருந்து வளைகுடா நாடு செல்பவரை எண்ணிப் பாருங்கள். மதுவிலக்குள்ள குவைத்தில் ஈராண்டு மதுவை மறந்திருக்கும் ஒருவருக்கு, ஊர் வந்து இறங்கியதும் வேட்கை எழக்கூடும். குடித்துப் பழகிய இடம் அவருக்கு இங்கேதான் இருக்கிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. நெடுநாள் விலகியிருந்தால் உடலின் தாங்கும் ஆற்றல் குறைந்துவிடும். ஹெராயின் போன்றவற்றைப் பழைய அளவிலேயே மீண்டும் எடுப்பவர் மூச்சு நின்று இறக்க நேரிடலாம்.

ஆயினும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. நால்ட்ரெக்சோன் போன்ற மருந்துகள் வேட்கையைத் தணிக்கின்றன. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், குடியைத் தீர்க்கவேண்டிய நோயாகக் கருதிக் குடும்பத்தாரையும் சேர்த்தே சிகிச்சையளித்து வருகிறது.

மாணவ நண்பர்களே! சர்க்கரை நோய் மீண்டும் கூடினால் நோயாளியை நாம் வீட்டைவிட்டுத் துரத்துவதில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறோம். வழுக்கி விழுந்த குடிநோயாளிக்கும் அதுவே முறை. திருமண விருந்திலும் திருவிழாவிலும் 'இன்று ஒருநாள் மட்டும்' என்று அவர் கையில் கோப்பையைத் திணிக்காதிருப்பதே நாம் செய்யக்கூடிய முதல் மருத்துவம்.