செய்முறை சொன்னால் சரக்கு நகரும்



மார்ஷ்மெல்லோ பாக்கெட்டைப் பிள்ளைகள் கேட்டு வாங்குகிறார்கள். அதைக் கொண்டு ஓவன் இல்லாமலே செய்யும் ஒரு தின்பண்டத்தை நாம் அறிந்து வைப்பது நல்லது.

1939-ல் அமெரிக்காவின் கெல்லாக் நிறுவனத்தில் பணியாற்றிய மில்ட்ரெட் டே, மலிட்டா ஜென்சன் என்ற இரு பெண்மணிகள், ஒரு சிறுமியர் அமைப்பின் நிதி திரட்டலுக்காக இதை உருவாக்கினார்கள். பின்னர் இந்தச் செய்முறை 'ரைஸ் கிரிஸ்பீஸ்' அரிசிப்பொரி டப்பாவிலேயே அச்சாகி வந்தது. டப்பாவை வாங்கியவர் வெண்ணெயும் மார்ஷ்மெல்லோவும் சேர்த்து வாங்கினார். ஒரு செய்முறை, மூன்று சரக்கு!

3 மேசைக்கரண்டி வெண்ணெயைச் சிறு தீயில் உருக்கி, சுமார் 280 கிராம் மார்ஷ்மெல்லோவைப் போட்டுக் கிளற வேண்டும். பாகுபோல் இளகியதும் இறக்கி, 6 கப் பொரியைக் கொட்டிப் புரட்டி, வெண்ணெய் தடவிய தட்டில் பரப்பி அமுக்க வேண்டும். ஆறியதும் துண்டு போடலாம். சூடான பாகு கையில் ஒட்டிச் சுடும். அடுப்பு வேலை பெரியவர்களுடையது. பொரியை அளப்பதும், தட்டில் வெண்ணெய் தடவுவதும், சூடு தணிந்தபின் அமுக்குவதும் பிள்ளைகளுக்கு. நமத்த பொரி உதவாது என்பதால் காற்றுப் புகாத சரக்கையே கொடுப்போம்.

முக்கியமான ஒன்று: பெரும்பாலான மார்ஷ்மெல்லோவில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் உண்டு. பாக்கெட்டில் பச்சை வட்டம் சைவம். பழுப்பு முக்கோணம் அசைவம். ஜெலட்டின் சேராத சைவ வகையும் கிடைக்கிறது. இரண்டையும் தனித்தனியே அடுக்கி, சைவ வாடிக்கையாளர் கேட்குமுன் நாமே சொல்லிவிடுவோம். பிள்ளை ஆசையாகத் தின்றபின் தாய்க்குத் தெரியவந்தால், போவது ஒரு பாக்கெட் வியாபாரமல்ல. அந்தக் குடும்பத்தின் மாத மளிகையே.