பலாங்கொடைச் சரளையும் ஆவர்த்தன அட்டவணையும்

தெமட்டகொடையிலும் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் மாலை நேரப் பிரத்தியேக வகுப்புகளுக்குச் செல்லும் மாணவர்கள், ஆவர்த்தன அட்டவணையின் முதல் இருபது மூலகங்களை மூச்சு விடாமல் ஒப்புவிக்கின்றனர். ஆயின், ஒரு மூலகம் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது எனக் கேட்டால் பலரிடம் விடை இல்லை. பரீட்சை முடிந்ததும் அட்டவணையும் மறந்து போகிறது. அதன் வரலாற்றில் நமது நாட்டுக் கல் ஒன்றுக்கும் பங்குண்டு என்பதை அறிந்தோர் மிகச் சிலரே.

1869 இல் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ், அன்று அறியப்பட்டிருந்த 63 மூலகங்களை அணுநிறை வரிசையில் அடுக்கியபோது, ஒத்த இயல்புகள் மீண்டும் மீண்டும் தோன்றக் கண்டார். பொருத்தமான மூலகம் கிடைக்காத இடங்களை வெறுமையாக விட்டு, அவற்றுக்கு 'ஏக அலுமினியம்', 'ஏக சிலிக்கன்' எனச் சமஸ்கிருத முன்னொட்டுடன் பெயரும் சூட்டினார். 1875 இல் கலியமும் 1886 இல் ஜேர்மானியமும் கண்டுபிடிக்கப்பட்டு அவ்விடங்களை நிரப்பின.

மூலகத்தின் இடத்தைத் தீர்மானிப்பது அதன் கருவிலுள்ள புரோத்தன்களின் எண்ணிக்கை என்பது பின்னர் தெளிவாயிற்று. இரசாயன இயல்பைப் பெரிதும் தீர்மானிப்பவை வெளியோட்டு இலத்திரன்கள். சோடியமும் பொற்றாசியமும் வெளியோட்டில் ஓர் இலத்திரனையே கொண்டவை. ஆதலால் இரண்டும் நீருடன் உக்கிரமாகத் தாக்கம் புரிகின்றன. பொற்றாசியத்தின் குறியீடு 'கே' ஆனது, 'காலியம்' என்ற இலத்தீன் பெயரால். அப்பெயரோ தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது.

இனி நமது கல்லுக்கு வருவோம். சேர் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர் ஆனந்த குமாரசுவாமியைக் கலை அறிஞராகவே நாம் நினைவுகூருகிறோம். ஆனால் அவர் இலண்டனில் புவிச்சரிதவியலும் தாவரவியலும் கற்று, 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் அளவைப் பணிப்பாளராக விளங்கியவர். 1904 இல் பலாங்கொடைப் பகுதியின் இரத்தினக்கற் சரளையில் கிடைத்த கறுத்த, பாரமான கற்களை அவர் இனங்கண்டார். யுரேனியக் கனிப்பொருள் என முதலில் கருதப்பட்ட அவை, விண்டம் டன்ஸ்டனின் ஆய்வில் தோரியம் செறிந்த புதிய கனிப்பொருள் எனத் தெரிந்து 'தோரியனைற்று' எனப் பெயர் பெற்றன.

1905 இல், இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ஒட்டோ ஹான், இந்தக் கல்லிலிருந்து பெறப்பட்ட பொருளில் 'கதிர்த்தோரியம்' என்ற புதிய மூலகத்தைக் கண்டதாக எண்ணினார். ஆனால் எந்த இரசாயன முறையாலும் அதனைத் தோரியத்திலிருந்து பிரிக்க இயலவில்லை. அக்காலத்தில் இவ்வாறு முப்பதுக்கும் மேற்பட்ட 'மூலகங்கள்' அறிவிக்கப்பட்டிருந்தன. ஈயம் முதல் யுரேனியம் வரை அட்டவணையில் இருந்த இடங்களோ பதினொன்றே.

1913 இல் பிரெடெரிக் சொடி இந்தச் சிக்கலை அவிழ்த்தார். நிறையால் வேறுபட்ட அணுக்கள் ஒரே இடத்தில் அமரலாம் என்றார் அவர். 'சமதானி' என்ற நமது கலைச்சொல்லின் பொருளும் அதுவே: ஒரே தானம், அதாவது ஒரே இடம். இரு தோரியங்களிலும் புரோத்தன்கள் 90. நியூத்திரன்கள் ஒன்றில் 142, மற்றதில் 138. இரசாயன இயல்பு ஒன்றே, ஆயுள் வேறு. முன்னையதில் பாதி சிதைய ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள் வேண்டும். பின்னையதற்கு இரண்டு ஆண்டுகள்கூடத் தேவையில்லை.

இஃது ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய செய்தி என எவரும் கருதவேண்டாம். நீலக்கல் என்பது அலுமினியம் ஒட்சைட்டே. அதற்கு நீல நிறம் தருபவை அதிலுள்ள சிறிதளவு இரும்பும் தைத்தானியமும். 'கெவுட' எனப்படும் பால்நிறக் கற்களிலும் இவை உண்டு. அவற்றை 1,500 பாகைக்கு மேல் உரிய முறையில் சூடேற்றினால் தைத்தானியம் கல்லினுள் கரைந்து நீலம் வெளிப்படும். இதனை அறிந்த தாய்லாந்து வணிகர்கள், 1970களிலிருந்து நாம் ஒதுக்கிய கற்களை அற்ப விலைக்கு வாங்கிச் சென்று நீலக்கற்களாக விற்றனர். தலைமுறைகளாக இத்தொழிலில் தேர்ந்த பேருவளை, இரத்தினபுரி வணிகர்கள் அந்த நுட்பத்தைக் கற்றுக்கொண்டது பின்னரே.

கல் நம்முடையதாக இருந்தது. அறிவு பிறரிடம் இருந்தது. புல்மோட்டைக் கனிய மணலிலும் தைத்தானியம் உண்டு, தோரியமும் உண்டு. அடுத்த தலைமுறையும் அதே விலையைக் கொடுக்காதிருக்க வேண்டுமாயின், அட்டவணையை ஒப்புவிக்கும் நம் பிள்ளைகளுக்கு அதன் காரணத்தையும் கற்பிப்பது ஆசிரியர்களதும் பெற்றோரதும் கடமையாகும்.