ஷிஃப்ட் முடிஞ்ச பிறகு இயற்பியல்

இந்த வாரக் கேள்வி நெமிலியிலிருந்து வந்திருக்கு. கேட்டவருக்கு வயது 27. பி.காம். முடித்துவிட்டு, ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் கணக்கு எழுதுகிறார். "கருந்துளை, குவாண்டம்னு எத்தனையோ வீடியோ பார்த்தாச்சு. ஆனா ஒரு சமன்பாடு வந்தா அங்கேயே நின்னுடறேன். பிளஸ் டூவுல காமர்ஸ் குரூப். இனிமே இயற்பியல் படிக்க முடியுமா, இல்ல லேட் ஆயிடுச்சா?"

லேட் ஆகலை. ஆனால் வீடியோ பார்ப்பது வேறு, கற்பது வேறு. அதைப் புரிந்துகொள்ள இன்னொரு கணக்கு ஆபீஸுக்குப் போவோம்.

1907. சி.வி.ராமனுக்கு 18 வயது. கல்கத்தாவில் அரசு நிதித் துறையில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல். அதே ஊரில் பவுபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் என்ற டாக்டர் 1876இல் தொடங்கிய அறிவியல் சங்கம் ஒன்று இருந்தது. ராமன் ஆபீஸுக்கு முன்னாடி காலையில் அங்கே போவார், ஆபீஸ் விட்டதும் மறுபடி அங்கே. நடுவில் ரங்கூன், நாக்பூர் என்று மாற்றல் வந்தது. ஆனாலும் 1917இல் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆகும்வரை, பத்து வருஷம் அவருடைய இயற்பியல் ஆபீஸ் நேரத்துக்கு வெளியேதான் நடந்தது.

"அவர் இயற்பியலில் எம்.ஏ. ஆச்சே"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அதனால் அவர் பக்கத்தில் நின்றவரைப் பார்ப்போம். பெயர் ஆசுதோஷ் தே, அந்தச் சங்கத்தின் உதவியாளர். ஆசு பாபு என்று கூப்பிடுவார்கள். பல்கலைக்கழகப் படி ஏறாதவர். ராமனோடு சேர்ந்து சோதனைகள் செய்தார். 1919இல் லண்டன் ராயல் சொசைட்டி இதழில், அதிர்வெண்ணை அளக்க ஒரு புதிய முறை என்று அவர் பெயரிலேயே ஒரு கட்டுரை வந்தது. ராமன் முன்குறிப்பு மட்டும் எழுதினார்.

ஆசு பாபுவிடம் பட்டம் இல்லை. ஆனால் அளக்க ஒரு பொருள் இருந்தது, விடை தேட ஒரு கேள்வி இருந்தது, தப்பானால் சொல்ல பக்கத்தில் ஒரு ஆள் இருந்தார். நமக்கும் இந்த மூணும் வேணும்.

முதலில் பொருளும் கேள்வியும். நீங்க இருப்பது தோல் பிழைப்பு நடக்கிற பகுதி, அதனால் தோலையே எடுத்துக்குவோம். பறையைத் தட்டினால் 'ச' எது, 'ரி' எதுன்னு சுருதி பிடிக்க முடியாது. மிருதங்கத்தின் வலது பக்கத்தில் பிடிக்க முடியும். ஏன்?

கிட்டார் கம்பியைத் தட்டினால் பல அதிர்வுகள் சேர்ந்து எழும். அடிப்படை அதிர்வை 1 என்று வைத்தால், மற்றவை 2, 3, 4 மடங்கு. முழு எண்களாக இருப்பதால் காது அதை ஒரே சுருதியாகக் கேட்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலில் அது 1.59, 2.14, 2.30 என்று போகும். ஒன்றோடொன்று ஒட்டாது. மிருதங்கத்தின் நடுவில் பூசிய கறுப்பு வட்டம், அதாவது கரணை, அங்கே எடையைக் கூட்டி இந்த அதிர்வுகளை முழு எண்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறது. ராமனும் சிவகாளி குமாரும் 1920இல் 'நேச்சர்' இதழில் இதைப் பற்றி எழுதினார்கள்.

இதை நீங்களே சோதிக்கலாம். ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் தரும் ஃபைஃபாக்ஸ் ஆப் இலவசம். அதில் ஒலி நிறமாலையைத் திறந்து, பறையைத் தட்டுங்க. எந்தெந்த அதிர்வெண்ணில் முகடு வருதுன்னு குறிச்சு, எல்லாத்தையும் முதல் எண்ணால் வகுங்க. தேவைப்படுவது வகுத்தல் கணக்கு மட்டும்தான். சரியா 1.59 வராது. தோலோடு காற்றும் சேர்ந்து அசையும், இழுவையும் எல்லாப் பக்கமும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு விலகுது, ஏன்னு நோட்டில் எழுதுங்க.

அடுத்து 'அந்த 1.59 எங்கிருந்து வந்துச்சு?'ன்னு தோணும். கணிதம் தேவைப்படுவது இங்கேதான். அந்த எண்ணுக்கு வட்டத்தின் அலைச் சமன்பாடு வேணும். அதுக்கு முன்னாடி கம்பியின் அலை, அதுக்கும் முன்னாடி முக்கோணவியலும் நுண்கணிதமும். இப்படிப் பின்னோக்கிப் போனா தமிழ்நாடு அரசின் 11ஆம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தில் வந்து நிப்பீங்க. தமிழிலேயே இருக்கு, இலவசமா டவுன்லோட் செய்யலாம். கணக்குகளைப் பேப்பரில் போடுங்க. விடையைப் பார்த்துத் தலையாட்டினால் அதுவும் வீடியோ பார்த்த மாதிரிதான்.

மூணாவது, தப்பைச் சொல்ல ஒரு ஆள். தனியாகப் படிக்கிறவங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. யாரும் திருத்தாமல் ரெண்டு வருஷம் போனால், ஐன்ஸ்டீன் தப்புன்னு நிரூபிச்சுட்டதா நம்ப ஆரம்பிச்சுடுவோம். ஊர்ப் பள்ளி இயற்பியல் ஆசிரியரோ, பி.எஸ்சி. படிக்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சியோ, வாரம் ஒரு மணி நேரம் போதும். போட்ட கணக்கைக் காட்டுங்க. உங்களைவிடச் சின்னவங்க தப்புன்னு சொன்னாக் கேட்டுக்கணும், அதுதான் கொஞ்சம் கஷ்டம்.

ஆறு மாசத்தில் கருந்துளைச் சமன்பாடு வராது. ஆனால் ஒரு சமன்பாட்டைப் பார்த்ததும் நின்னுடாமல், இது எதை அளக்குதுன்னு கேட்கத் தொடங்கியிருப்பீங்க.

நெமிலி நண்பரே, முதல் நாலு முகடுகளை அளந்து எண்களை அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சேர்ந்து பார்ப்போம்.