மின்தீக்காயம்: இரண்டாவது வாரத்தில் உடையும் ரத்தக்குழாய்

முருங்கைக்காய் பறிக்கும் துரட்டி மின்கம்பியில் உரசியிருக்கும். அல்லது சென்ட்ரிங் வேலையில் மாடிக்குத் தூக்கிய இரும்புக் கம்பி, பக்கத்தில் போகும் 11 கே.வி. லைனில் பட்டிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வருகிறவரின் உள்ளங்கையில் நாணய அளவுக்குக் கருகிய ஒரு புண், பாதத்தில் இன்னொன்று, அவ்வளவுதான். நினைவு இருக்கிறது, பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார். "கரண்ட் அடிச்சும் உயிர் தப்பிச்சிட்டான்" என்று வீட்டார் சாமிக்கு வேண்டிக்கொள்கிறார்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, கட்டு மாற்றிய கொஞ்ச நேரத்திலோ நடுராத்திரித் தூக்கத்திலோ, அதே கையிலிருந்து ரத்தம் பீறிட்டு அடிக்கிறது. அந்த நேரத்தில் கூட இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்க வேண்டும். டாக்டர் வரும்வரை சில நிமிடங்கள் உயிர் அவர் கையில்தான் இருக்கிறது.

தீயும் வெந்நீரும் மேலிருந்து சுடும். மின்சாரம் கையில் நுழைந்து காலில் வெளியேறும் வழியெல்லாம் தசையையும் நரம்பையும் ரத்தக்குழாயையும் உள்ளுக்குள்ளேயே வேகவைத்துவிட்டுப் போகிறது. அதனால் வெளியே தெரியும் புண்ணை வைத்துக் காயத்தை அளக்க முடியாது. சிறிய ரத்தக்குழாய்கள் சீக்கிரமே உறைந்து அடைத்துக்கொள்ளும். விரல்கள் கறுத்துப்போவது இதனால்தான். பெரிய தமனிகளில் ரத்தம் வேகமாக ஓடுவதால் அவை பெரும்பாலும் அடைபடாமல் தப்பிக்கின்றன. நாடி துடிக்கிறது, கையில் சூடு இருக்கிறது, எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் தமனிச் சுவரின் நடு அடுக்கு வெந்து செத்திருக்கலாம். நைந்த சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பதுபோல அந்த இடம் நாளுக்கு நாள் பலமிழக்கும். மேலே மூடியிருந்த செத்த தசை கழன்று விழுந்து, கிருமித்தொற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு இருமலே அதை உடைக்கப் போதும்.

பொதுவாக முதல் வாரத்தின் முடிவிலிருந்து நான்காம் வாரம்வரை இந்த ஆபத்து அதிகம். மணிக்கட்டு, முழங்கை மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் பெரிய தமனிகள் தோலுக்கு அருகிலேயே ஓடுகின்றன. அங்கே ஆழமான புண் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பல நேரம் பெரிய ரத்தப்போக்குக்கு முன் ஒரு சின்ன எச்சரிக்கை வரும். காய்ந்திருந்த கட்டில் திடீரென்று பளிச்சென்ற சிவப்பு தெரியும், அல்லது புண்ணுக்குப் பக்கத்தில் துடிக்கிற மாதிரி ஒரு வீக்கம் எழும். கொஞ்சம் கசிந்துவிட்டுத் தானாக நின்றுபோனாலும் "நின்னுடுச்சே" என்று விட்டுவிடாதீர்கள். நர்ஸை எழுப்புங்கள். டியூட்டி டாக்டர் பார்த்தே ஆகவேண்டும்.

பீறிட ஆரம்பித்துவிட்டால், சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தின் மேலேயே வைத்து உடல் பலத்தைக் கொடுத்து அழுத்துங்கள். கையையோ காலையோ நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணியை வைக்க வேண்டும். அப்படியும் நிற்கவில்லை என்றால், புண்ணுக்கு மேலே, உடலை நோக்கிய பக்கத்தில், அகலமான துணியை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வையுங்கள். மெல்லிய கயிறோ கம்பியோ வேண்டாம். வார்டில் இருந்தால் பி.பி. பார்க்கும் பட்டையே இதற்கு உதவும். இப்படிப்பட்ட நோயாளிகளின் தலைமாட்டில் ஒரு டூர்னிகெட்டை (ரத்தப்போக்கை நிறுத்த இறுக்கும் பட்டை) தயாராக வைத்திருப்பது மருத்துவப் பயிற்சியிலேயே சொல்லித்தரப்படுவது. அதைக் கேட்டு வாங்கி வைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் நடந்தால் ஒருவர் அழுத்திக்கொண்டே இருக்க, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். அழுத்திய கையை ஆஸ்பத்திரி சேரும்வரை எடுக்கக் கூடாது.

டிஸ்சார்ஜ் செய்யும்போது நேரடியாகக் கேளுங்கள்: "புண்ணுக்கு அடியில் பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதா? டாப்ளரோ சி.டி. ஆஞ்சியோவோ எடுத்து ரத்தக்குழாயைப் பார்த்தாயிற்றா? செத்த தசை இன்னும் மிச்சம் இருக்கிறதா?" இதற்கெல்லாம் பதில் தெரியாமல், ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து கட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போவது ஆபத்து. செத்த தசையைச் சீக்கிரம் அகற்றி, திறந்து கிடக்கும் தமனியை நல்ல தசை கொண்டு மூடுவதுதான் இந்த ரத்தப்போக்கைத் தடுக்கும் முக்கியமான வழி. அதற்குப் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு வேண்டும். உள்ளூரில் இல்லையென்றால், சென்னைக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற தீக்காயப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம்.

குழந்தைகள் விஷயம் தனி. சொருகியிருக்கும் வயரையோ அதன் முனையையோ வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு உதட்டோரம் வெளுத்தோ கருகியோ ஒரு புண் வரும். ஐந்து நாள் முதல் இரண்டு வாரத்துக்குள் அந்தப் பொருக்கு உதிரும்போது உதட்டுத் தமனி திறந்துகொள்ளலாம். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உதட்டின் உள்ளும் புறமும் வைத்துக் கிள்ளிப் பிடிப்பதுபோல அழுத்திக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ரத்தம் உள்ளேயும் போகலாம். கம்பத்திலிருந்து விழுந்தவருக்குத் தலையிலோ வயிற்றிலோ கசிவு இருக்கலாம். பெரிய தீக்காயம் உடலுக்குத் தரும் நெருக்கடியில் இரைப்பையில் புண் வந்து மலம் தார்போலக் கறுத்துப் போகலாம். கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுப்பது வயிற்றுக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அன்று தேர் உயரழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். இதுபோன்ற விபத்துகளில் இறந்தவர் எண்ணிக்கைதான் செய்தியாகிறது. பிழைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் கழிக்கும் வாரங்களும் விபத்தின் பகுதிதான். இழப்பீடு கேட்கும்போது இந்தத் தொடர்பு மிகவும் முக்கியம். மூன்றாவது வாரம் வீட்டில் ரத்தம் போய் ஒருவர் இறந்தால், பழைய காயம்தானே என்று உடலை அடக்கம் செய்துவிடக் கூடாது. அதுவும் மின்விபத்துச் சாவுதான். போலீசுக்குத் தகவல் சொல்லி, பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். மின்தாக்குதல் காயத்தால் வந்த ரத்தப்போக்கு என்று அறிக்கையில் பதிவாகாவிட்டால், விபத்துக்கும் சாவுக்கும் தொடர்பில்லை என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

இதே காரணத்துக்காக முதல் நாளிலிருந்தே காகிதங்களைச் சேர்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவில் "கரண்ட் ஷாக்" என்பதும், எந்த லைன், எந்த இடம் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போட முடியாது. 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுக்கும் அது பொருந்தும். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. மின்சாரச் சட்டம் 2003-இன் 161-ஆம் பிரிவுப்படி, காயம் மட்டுமே ஏற்பட்ட விபத்தையும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் நடத்தும் விசாரணையின் அறிக்கை உங்கள் வழக்குக்கு முதுகெலும்பு.

மின்வாரியத்தின் கவனக்குறைவை நீங்கள் நிரூபிக்க வேண்டும் என்பதில்லை. 2002-இல் மத்தியப் பிரதேச வழக்கொன்றில், யாரோ திருட்டுத்தனமாக இழுத்த கம்பி அறுந்து விழுந்ததாக வாரியம் சொன்னது. ஆபத்தான பொருளைக் கையாள்பவருக்கே பொறுப்பு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரு கைகளையும் ஒரு காலையும் இழந்த ஹரியானாவின் பானிபட் சிறுவனுக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2014-இல் அதே நீதிமன்றம் உறுதி செய்தது. கருணைத் தொகை வாங்கும்போது "இதுவே முழுத் தீர்வு" என்ற வாசகம் இருக்கிறதா என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வேலையிடத்தில் நடந்திருந்தால் முதலாளியின் பொறுப்போ இ.எஸ்.ஐ. உரிமையோ தனியாக உண்டு.

இறப்புக்கான இழப்பீட்டு உரிமையியல் வழக்கை இறந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். உதவி எண் 15100. போகும்போது ஏ.ஆர். நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மின் ஆய்வாளர் அறிக்கை, கம்பி தாழ்ந்து கிடந்த இடத்தின் போட்டோ ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.