கடிதம் குத்தும் கம்பியும் கணினித் தபாலும்



கிளிஞ்சல்மேட்டில் எங்கள் வீட்டுத் தூணில் ஒரு வளைந்த கம்பி தொங்கும். கரண்டு பில், ரேஷன் ரசீது, கல்யாணப் பத்திரிகை, பிரான்சிலிருந்து மாமா எப்போதோ போட்ட கடிதம் எல்லாமே அதில்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். ஆகவே கம்பியில் தேடுவது என் வேலை.

டிப்ளமோ சேர்ந்ததும் வாங்கிய மின்னஞ்சலையும் அந்தக் கம்பி மாதிரியே வைத்திருந்தேன். இன்பாக்ஸில் 1,300 கடிதம் சேர்ந்துவிட்டது. உதவித்தொகைக்குச் சான்றிதழைத் திருத்தி அனுப்பச் சொன்ன கடிதம் விளம்பரங்களுக்கு அடியில் 11 நாள் கிடந்திருக்கிறது. நான் பார்த்தபோது கெடு முடிந்து இரண்டு நாள். அந்தத் தவணை ஃபீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

என்னிடம் இருப்பது பழைய கம்ப்யூட்டர். பிரவுசர் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். சீனியர் அண்ணன் ஒருவர் அதில் லினக்ஸ் போட்டு, 'ஆல்பைன்' என்ற புரோகிராமில் என் ஜிமெயிலை இணைத்துத் தந்தார். படமே கிடையாது, எழுத்து மட்டும். மவுஸும் தேவையில்லை. இதன் மூத்தவர் 'பைன்'. 1989-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எழுதத் தொடங்கினார்கள். 1995 ஆகஸ்ட் 15-ல் வி.எஸ்.என்.எல். நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுத்தபோது, எழுத்து மட்டும் தெரியும் 'ஷெல்' கணக்கு வைத்திருந்தவர்கள் கடிதம் படித்தது பெரும்பாலும் இந்தப் பைனில்தான். 2007-ல் அதே பல்கலைக்கழகம் அதைப் புதுப்பித்து ஆல்பைன் என்று வெளியிட்டது.

ஃபோல்டர் போடுவது சுலபம். மெயின் மெனுவில் 'எல்' தட்டினால் ஃபோல்டர் பட்டியல் வரும். அங்கே 'ஏ' தட்டிப் பெயர் கொடுங்கள், முடிந்தது. கடிதத்தை அதற்குள் போட, கடிதத்தின் மேல் நின்று 'எஸ்'. பெயர் கேட்கும். அப்படி ஒரு ஃபோல்டர் இல்லையென்றால் புதிதாகப் போடட்டுமா என்று அதுவே கேட்கும். வேண்டிய ஃபோல்டருக்குத் தாவ 'ஜி'. எழுத்தை மனப்பாடம் செய்யவே வேண்டாம், திரையின் கீழ் இரண்டு வரியில் எப்போதும் இருக்கும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன். புதிய ஃபோல்டர் எங்கே உருவாகிறது? நாம் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் நம் கம்ப்யூட்டரிலேயே, 'மெயில்' என்ற டைரக்டரிக்குள். 'எஸ்' தட்டியதும் நகல் அங்கே போய்விடும், இன்பாக்ஸில் உள்ளதற்கு 'டி' என்று அழிப்புக் குறி விழும். வெளியேறும்போது அழிக்கவா என்று கேட்கும். நான் ஆமாம் போட்டேன். மறுநாள் காலேஜில் போனைத் திறந்தால் இன்பாக்ஸில் ஹால்டிக்கெட் கடிதம் இல்லை! அது வீட்டில் பத்திரமாக இருந்தது, நான் வியர்த்து நின்றதுதான் மிச்சம்.

ஆகவே முதலில் 'எஸ்', பிறகு 'எல்' தட்டி, ஃபோல்டர் தொகுப்புகள் பக்கத்தில் உங்கள் மின்னஞ்சல் சர்வரையும் ஒரு தொகுப்பாகச் சேருங்கள். அதைப் பட்டியலில் முதலாவதாக வையுங்கள், ஏனென்றால் முதல் தொகுப்பில்தான் ஆல்பைன் சேமிக்கும். அப்புறம் இங்கே போடும் ஃபோல்டர் ஜிமெயிலில் 'லேபிள்' ஆகி போனிலும் தெரியும். தவறி 'டி' தட்டினாலும் பயமில்லை. அது வெறும் குறிதான், 'யு' தட்டினால் போய்விடும். 'எக்ஸ்' தட்டியோ வெளியேறும்போதோ ஒப்புக்கொண்ட பிறகுதான் நிஜமாக நீங்கும்.

கடிதம் தானாகவே பிரிந்து போகவும் வழி உண்டு. 'எஸ்', 'ஆர்', 'எஃப்' என்று போய் அனுப்புநர் பெயரையும் ஃபோல்டரையும் சொன்னால் போதும். ஆனால் ஆல்பைன் திறந்திருக்கும்போது மட்டுமே அது வேலை செய்யும். நான் விளம்பரங்களை மட்டும் இப்படித் தள்ளுகிறேன். உதவித்தொகை, பரீட்சைக் கடிதங்கள் கண்முன்னே இன்பாக்ஸில் வந்து விழட்டும், படித்த பிறகு கையால் எடுத்து வைப்பேன். ஃபோல்டரையும் அள்ளித் தெளிக்காதீங்க. நான் முதலில் 14 போட்டேன், எதில் எது என்று தேடுவதே பெரும்பாடு. இப்போது 'உதவித்தொகை', 'பரீட்சை', 'வேலை', 'விளம்பரம்' என நாலுதான்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். உங்கள் பாஸ்வேர்டை என்னிடம் சொல்லாமல், நீங்களே தட்டுவதானால் வாங்க, அரை மணியில் போட்டுவிடலாம்.