வீட்டு பீரும் அஞ்சல் சட்டமும்

அமெரிக்காவில் 1933-இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றமாகவே நீடித்தது. 1978-இல் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையொப்பமிட்ட சட்டமே அத்தடையை அகற்றியது. வயது வந்த ஒருவர் ஆண்டுக்கு 100 காலனும் (ஏறத்தாழ 378 லிட்டர்), வயது வந்தோர் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ வாழும் வீட்டார் 200 காலனும் வரியின்றிக் காய்ச்சிக்கொள்ளலாம். ஆனால் விற்கக் கூடாது.

காய்ச்சும் உரிமை கிடைத்ததாலேயே அஞ்சலில் அனுப்பும் உரிமையும் கிடைத்துவிடவில்லை. அரசு அஞ்சல்துறையின் வழியே மதுபானம் அனுப்புவதைக் கூட்டாட்சிக் குற்றவியல் சட்டம் தடை செய்கிறது. நூற்றுக்கு அரைப் பங்கு அல்லது அதற்கு மேல் சாராயச் சத்து கொண்ட பானம் அனைத்தும் இத்தடைக்குள் அடங்குவதால், நண்பருக்கு அனுப்பும் ஒற்றைப் புட்டியும் இதற்கு விலக்கன்று. ஃபெடெக்ஸ், யுபிஎஸ் போன்ற தனியார் நிறுவனங்களோ, உரிமம் பெற்றுத் தம்முடன் ஒப்பந்தம் செய்துகொண்ட வணிகர்களிடமிருந்து மட்டுமே மதுவை ஏற்கின்றன. தனிமனிதர் அனுப்பும் பொதியை ஏற்பதில்லை என்பது அவற்றின் விதி.

இவற்றோடு மாநிலச் சட்டங்களும் சேர்கின்றன. மதுவிலக்கை நீக்கிய 21-ஆம் அரசியல் சட்டத் திருத்தம், மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை மாநிலங்களிடம் விட்டதால், விதிகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. அலபாமாவும் மிசிசிப்பியும் வீட்டில் பீர் காய்ச்சுவதையே 2013-இல்தான் அனுமதித்தன. எனவே, உள்ளடக்கத்தை மறைத்துப் பொதி அனுப்புவதை விட, மாநில விதியை அறிந்துகொண்டு நண்பரிடம் நேரில் கொண்டுசேர்ப்பதே முறையான வழியாகும்.